காமிரா வாங்குமுன்

என் தம்பி மகள் ஒருத்தி திருச்சிராப்பள்ளியில் வேலை பார்க்கிறாள். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் அவள் வாங்கிய பொருள் ஒரு காமிரா. அவ்வாண்டு என் அன்னையாருக்கு எண்பது வயது நிறைந்தது. அப்பாயியைத் தன் கையாலேயே படம் பிடித்து, அதனைப் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டவேண்டும் என்பது அவளுடைய நெடுநாளைய ஆசை. இணைய அங்காடி ஒன்றில் சில ஆயிரம் ரூபாய்க்கு அந்தக் காமிரா கிடைத்தது. பெட்டியின் மேலே, '48 மெகாபிக்ஸல்' என்றும், '16 மடங்கு ஜூம்' என்றும் கொட்டை எழுத்துக்களில் அச்சிட்டிருந்தார்கள். இவ்வளவு மலிவாக இவ்வளவு சிறப்பா என்று வீட்டார் அனைவரும் வியந்தோம்.

விழா நாளன்று மாலை, கூடத்தில் விளக்கேற்றி, பேரன் பேத்திகள் புடைசூழ அம்மா அமர்ந்திருந்த கோலத்தை அவள் நூறு படங்களுக்கு மேல் எடுத்தாள். காமிராவின் பின்புறத்துச் சிறு திரையில் பார்த்தபோது எல்லாம் நன்றாகவே தோன்றின. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. நனைந்த காகிதத்தில் தீட்டிய வண்ணம்போல முகம் கலங்கிக் கிடந்தது. சேலையின் கரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. "பெரியப்பா, 48 மெகாபிக்ஸல் என்று போட்டிருக்கிறதே, பின் ஏன் இப்படி?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் கூறிய விடையைத்தான் சற்று விரிவாக இப்போது உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு நல்ல காமிரா வாங்க நினைப்போர் பலர் இருப்பர். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

பழைய காமிராவானாலும் புதிய காமிராவானாலும் அதன் அடிப்படை ஒன்றே. அது ஓர் இருட்டறை. அந்த அறையின் ஒரு பக்கத்தில் லென்ஸ் என்னும் கண்; அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒளியைப் பதிவு செய்யும் பரப்பு. முன்னாளில் வெள்ளி உப்புக்கள் பூசிய பிலிம் அந்தப் பரப்பாக இருந்தது. இக்காலத்தில் அவ்விடத்தைச் சிலிக்கன் தகடு ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. இதனைக் கடைத்தெருவில் சென்சார் என்பர். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்ள பெல் ஆராய்ச்சிச்சாலையில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் இதற்கு வழி கண்டனர். அதற்காக 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975இல் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் பிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் செய்து காட்டினார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரை கிலோ. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய அது 23 விநாடி எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. பிலிம் விற்பனையால் செழித்த அதே நிறுவனம் 2012ஆம் ஆண்டில் கடன் சுமையால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடவேண்டி வந்தது என்பது இத்தொழிலின் வரலாற்றில் மறக்க முடியாத ஒரு செய்தி.

சென்சார் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை உணர ஓர் உவமை கூறுகிறேன். வீட்டு முற்றத்தில் வரிசை வரிசையாகக் கிண்ணங்களை இடைவெளியின்றி அடுக்கி வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது. மழை நின்றதும் ஒவ்வொரு கிண்ணத்திலும் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்கிறோம். ஒளியே அந்த மழை. சென்சாரில் உள்ள நுண்ணிய புள்ளிகளே கிண்ணங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த ஒளிக்கு ஏற்ப மின்னேற்றம் சேர்கிறது. அதனை அளந்து எண்களாக மாற்றி, அந்த எண்களின் அடுக்கையே படமாகச் சேமித்து வைக்கிறது காமிரா. கிண்ணங்கள் நிறம் அறியா. ஆகவே அவற்றின்மீது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வண்ண மூடிகளைப் பொருத்துகிறார்கள். நான்கு கிண்ணங்களை எடுத்துக்கொண்டால் இரண்டிற்குப் பச்சை, ஒன்றிற்குச் சிவப்பு, ஒன்றிற்கு நீலம். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த முறை இது. இன்றும் பெரும்பாலான காமிராக்கள் இம்முறையையே பின்பற்றுகின்றன.

மெகாபிக்ஸல் என்பது, முற்றத்தில் எத்தனை கிண்ணங்கள் உள்ளன என்ற கணக்குத்தான். பத்து இலட்சம் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு மெகாபிக்ஸல். இந்தக் கணக்கு எவ்வளவு தேவை? அச்சிட்ட படத்தைக் கையில் வைத்துப் பார்க்கும்போது தெளிவாகத் தோன்றவேண்டுமானால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதுமென்பது அச்சுத் தொழிலில் வழங்கும் அளவு. அப்படியானால் 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படத்துக்கு நீளத்தில் 1,800, அகலத்தில் 1,200 புள்ளிகள் வேண்டும். பெருக்கினால் 2 மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல். 12 அங்குலத்துக்கு 8 அங்குலப் படம், சுவரில் மாட்டத்தக்க நல்ல அளவு. அதற்கும் 9 மெகாபிக்ஸலுக்குள் அடங்கிவிடும். ஆகவே 12 மெகாபிக்ஸல் உள்ள பழைய காமிரா ஒன்று நம் வீட்டுத் தேவைகளை முழுவதும் நிறைவேற்றிவிடும். 24 மெகாபிக்ஸல் இருந்தால் தாராளம். அதற்குமேல் உள்ள எண்ணைக் கண்டு மயங்கவேண்டுவதில்லை.

அப்படியானால் '48 மெகாபிக்ஸல்' காமிரா ஏன் காலை வாரிவிட்டது? இதற்குக் காரணங்கள் இரண்டு. மலிவுக் காமிராக்கள் பலவற்றில் உண்மையான புள்ளிகள் பெட்டியின்மேல் உள்ள எண்ணைவிட மிகக் குறைவு. அருகருகே உள்ள இரு புள்ளிகளுக்கு இடையே என்ன இருந்திருக்கும் என்று கருவியே ஊகித்து, இல்லாத புள்ளிகளை இட்டு நிரப்புகிறது. ஒரு செம்பு மோரில் நான்கு செம்பு நீரை விட்டுவிட்டு ஐந்து செம்பு மோர் என்று கணக்குக் காட்டுவது போன்றது இது. அளவு பெருகும், சுவை பெருகாது. ஆகையால், விற்பனை விளம்பரத்தை விடுத்து, 'பயனுறு பிக்ஸல் எவ்வளவு?' என்று குறிப்பேட்டில் தேடிப் பார்த்தல் வேண்டும். குறிப்பேட்டில் அந்த எண்ணே இல்லாவிடில் அக்காமிராவை வாங்காதிருப்பது நலம்.

இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. கிண்ணத்தின் எண்ணிக்கையைவிட முற்றத்தின் பரப்பே பெரிது. அடைமழையில் சிறு கிண்ணமும் நிரம்பிவிடும். தூறல் மட்டும் விழுந்தால் என்னவாகும்? சிறு கிண்ணம் ஒன்றில் மூன்று துளியும், அடுத்ததில் ஐந்து துளியும் தற்செயலாக விழும். உண்மையில் இரண்டிடத்திலும் ஒரே தூறல்தான், கணக்கோ வேறுபடுகிறது. மங்கலான ஒளியில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தோன்றும் புள்ளிகள் இவ்வாறு பிறப்பவையே. அப்புள்ளிகளை மறைக்கக் காமிரா படத்தை மெழுகிவிடுகிறது. மெழுகும்போது முகத்தின் சுருக்கங்களும், தலைமுடியின் இழைகளும், சேலைக் கரையும் சேர்ந்தே மறைந்துபோகின்றன. கூடத்து விளக்கொளியில் என் அன்னையாரின் முகத்துக்கு நேர்ந்தது இதுவே.

சென்சாரின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு வியப்பளிக்கும். சாதாரணக் கையடக்கக் காமிராவில் அது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமும் நாலரை மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். 'ஓர் அங்குல சென்சார்' என்று வழங்குவது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். இதில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை; பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழாய்களின் அளவு முறையிலிருந்து வந்த பெயர் அது. லென்ஸை மாற்றத்தக்க காமிராக்களுள் விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் ஏறத்தாழ 23க்கு 15 மில்லிமீட்டர் அளவுள்ள சென்சார் இருக்கும். முழுச்சட்டம் எனப்படுவது 36க்கு 24 மில்லிமீட்டர். 1925இல் லைக்கா காமிரா கடைக்கு வந்த நாள்முதல் உலகெங்கும் பரவிய பிலிமின் அளவு அது. முதலிற் கூறியதைவிட முழுச்சட்டத்தின் பரப்பு 30 மடங்கு பெரிது. மூன்றாவது வகைகூடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பெரிது. காமிரா வாங்கும்போது முதலிற் கேட்கவேண்டிய கேள்வி மெகாபிக்ஸல் எவ்வளவு என்பதன்று. சென்சார் எவ்வளவு பெரிது என்பதே.

இனி 16 மடங்கு ஜூமைப் பார்ப்போம். ஜூம் இருவகைப்படும். லென்ஸுக்குள் உள்ள கண்ணாடிகள் நகர்ந்து தொலைவில் உள்ளதை அருகே கொண்டுவருவது உண்மையான ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது டிஜிட்டல் ஜூம். பின்னது வெறும் கத்தரி வேலை. 16 மடங்கு என்றால் நீளத்திலும் 16இல் ஒரு பங்கு, அகலத்திலும் 16இல் ஒரு பங்கு. ஆக 256இல் ஒரு பங்குதான் எஞ்சும். 48 மெகாபிக்ஸல் என்பது மெய்யென்றே வைத்துக்கொண்டாலும் மிஞ்சுவது 2 இலட்சம் புள்ளிகளுக்கும் குறைவு. ஒரு தபால்தலை அளவுக்குமேல் அதனைத் தெளிவாக அச்சிட இயலாது. ஜூம் செய்யும்போது லென்ஸ் அசைகிறதா என்று கவனித்தாலே பெரும்பாலும் உண்மை வெளிப்பட்டுவிடும்.

லென்ஸின் நெற்றியில் சில எண்கள் பொறித்திருப்பதைக் காணலாம். '18-55' என்பது குவிதூரத்தை மில்லிமீட்டரில் கூறுகிறது. எண் சிறிதானால் பரந்த காட்சி; பெரிதானால் குறுகிய, நெருங்கிய காட்சி. அதனருகே '3.5-5.6' என்றோ '1.8' என்றோ இருக்கும் எண் லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைக் குறிப்பது. இந்த எண் சிறிதானால் வாய் பெரிது, ஒளியும் மிகுதி. முதலில் இது தலைகீழாகத் தோன்றும். குவிதூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்து வரும் ஈவே அந்த எண் என்பதை நினைவிற்கொண்டால் குழப்பம் தீரும். காமிராவோடு சேர்த்துத் தரப்படும் 5.6 லென்ஸைவிட, 1.8 லென்ஸ் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். 50 மில்லிமீட்டர், 1.8 என்னும் லென்ஸ் பெரிய நிறுவனங்களின் லென்ஸ்களுள் மலிவானவற்றில் ஒன்று. அந்தி வேளையிலும் அறைக்குள்ளும் மனிதர்களின் முகங்களைப் படம் பிடிக்க அதுபோல் உதவுவது வேறில்லை. நிக்கான் நிறுவனத்தின் விலை குறைந்த காமிராக்கள் சிலவற்றில் பழைய வகை லென்ஸ்களைத் தானே குவியச்செய்யும் மோட்டார் இராது. ஆகவே, வாங்குமுன் பொருத்தம் பார்த்துக்கொள்க.

ஒளியை ஆளுவதற்கு நம் கையில் உள்ள கருவிகள் மூன்று. லென்ஸின் திறப்பு ஒன்று. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது மற்றொன்று. ஓடும் குழந்தையைப் பிடிக்க ஒரு விநாடியில் 500இல் ஒரு பங்கு வேண்டும். அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு 60இல் ஒரு பங்கு போதும். மூன்றாவது ஐஎஸ்ஓ எண். வந்த ஒளியைக் கருவி எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பதை அது தெரிவிக்கும். ஒளி போதாதபோது அதனை உயர்த்தினால் படம் வெளிச்சமாகும். ஆனால், முன்னே கூறிய மணற்புள்ளிகளும் எடுப்பாகத் தெரியும். இம்மூன்றையும் நம் விருப்பம்போல் மாற்ற இடந்தரும் காமிராவையே தேர்ந்தெடுத்தல் நன்று.

சரி, எதைத்தான் வாங்குவது? முதலில் கையில் உள்ள கைப்பேசியை எண்ணிப் பாருங்கள். 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் கடைகளுக்குச் சென்றன. 2023இல் அந்த எண் 80 இலட்சத்தையும் எட்டவில்லை. கைப்பேசி செய்த வேலை இது. நல்ல கைப்பேசி ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, தன் சிறு சென்சாரின் குறையைக் கணக்கினால் ஈடுசெய்கிறது. ஆகவே, அதே அளவு சிறிய சென்சார் உள்ள மலிவுக் காமிராவுக்குப் பணம் கொடுப்பது, வீட்டில் குடை இருக்க இன்னொரு கிழிந்த குடையை வாங்குவதற்கு ஒப்பாகும். தொலைவில் உள்ள பறவைகளைப் பார்க்க உண்மையான ஜூம் வேண்டுமென்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கைப்பேசியால் இயலாததைச் செய்ய விரும்பினால், குறைந்த விலையில் வழிகள் இரண்டு. சட்டைப்பையில் அடங்கவேண்டுமென்பவர்கள் ஓர் அங்குல சென்சார் உள்ள காமிராவைக் கைமாறிய நிலையில் தேடலாம். 2012இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ஆர்எக்ஸ்100 இவ்வகைக்கு வழிகாட்டி. எடையைப் பொருட்படுத்தாதவர்களுக்கு, கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் காமிராவே கொடுத்த காசுக்கு மிகுந்த பயன் தரும். பெரிய நிறுவனங்களின் கவனம் கண்ணாடியில்லாக் காமிராக்கள்பால் திரும்பிவிட்டது. அதனால், பத்தாண்டுகளுக்குமுன் பெருவிலை பெற்ற டிஎஸ்எல்ஆர்கள் இப்போது அதில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. சந்தை மாறியதால் விலை குறைந்ததேயன்றி அவை எடுக்கும் படத்தின் தரம் குறையவில்லை.

கைமாறிய காமிராவை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். லென்ஸைக் கழற்றி, கைவிளக்கின் ஒளியை ஒருபுறமிருந்து செலுத்தி மறுபுறமிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தென்பட்டால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது எளிதில் பற்றும். நாளடைவில் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். சில தூசுகள் உள்ளே இருப்பது குற்றமன்று. பூஞ்சை இருந்தால் வேண்டாமென்று திரும்பிவிடுக. அடுத்து, லென்ஸின் திறப்பைச் சுருக்கி, வெண்மையான சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் உள்ள கறைகள் தெரிந்துவிடும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். விலை குறைந்த வகைகளின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை இயங்குமென்று எதிர்பார்க்கலாம். பாட்டரி உப்பியிருக்கிறதா, மூடி சரியாக அடைகிறதா, குவியம் அருகிலும் தொலைவிலும் நிற்கிறதா என்பவற்றையும் சோதிக்க வேண்டும். மிகப் பழைய கையடக்கக் காமிராக்களில் சில, இப்போது செய்யப்படாத மெமரி கார்டுகளை வேண்டுபவை. இன்னும் சில 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளை ஏற்கமாட்டா. கார்டு கிடைக்காத காமிரா எண்ணெய் இல்லாத விளக்கு. ரசீது பெறுவதையும் மறவாதீர்கள்.

பணம் முழுவதையும் காமிராவின் உடலுக்கே செலவிட்டுவிடாதீர்கள். நல்ல லென்ஸ் ஒன்று, நம்பிக்கையான கடையில் வாங்கிய கார்டு, மாற்றுப் பாட்டரி ஆகியவற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். போலிக் கார்டுகள் மிகுந்துவிட்ட காலம் இது. புதிய கார்டை ஒருமுறை முழுவதும் நிரப்பி, எல்லாப் படங்களும் திறக்கின்றனவா என்று பார்த்தபின்னரே விழாவுக்கு எடுத்துச்செல்லுங்கள். காமிராவைத் தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே சிறந்த பாதுகாப்பு. எடுத்த படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் படியெடுத்து வைக்கவும் வேண்டும். கார்டு ஒன்று கெட்டால் ஒரு தலைமுறையின் முகங்களே மறைந்துபோகும்.

இவ்வளவையும் என் தம்பி மகளுக்குக் கூறியபோது அவள் கண் கலங்கியது. அதற்குள் என் அன்னையார் காலமாகி இரண்டு திங்கள் ஆகியிருந்தன. இனி அவளால் எந்தக் காமிராவைக்கொண்டும் அப்பாயியைப் படம் பிடிக்க முடியாது. "எல்லாம் வீணாகிவிட்டதே, பெரியப்பா" என்றாள். இருவருமாக உட்கார்ந்து அன்று எடுத்த படங்களையெல்லாம் மீண்டும் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். விழா நாளன்று காலையில், காமிராவைச் சோதித்துப் பார்ப்பதற்காக அவள் எடுத்த படம் ஒன்று அகப்பட்டது. திண்ணையில் அமர்ந்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். கிழக்கிலிருந்து வந்த இளவெயில் எதிர்ச்சுவரில் பட்டு முகத்தில் படிந்திருக்கிறது. ஜூம் இல்லை, நெருங்கி நின்று எடுத்த படம். கண்ணோரத்துச் சுருக்கங்கள்கூடத் தெரிகின்றன. அதே மலிவுக் காமிராதான். ஆனால் மழை தாராளமாகப் பெய்த நேரம்.

அந்தப் படத்தை 6 அங்குலத்துக்கு 4 அங்குலமாக அச்சிட்டுச் சட்டமிட்டோம். அவள் நினைத்ததுபோல் பெரிய படமன்று. எனினும் எங்கள் கூடத்தில் இன்று இருப்பது அதுவே. அவள் இப்போது மீண்டும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். இம்முறை கைவிளக்கோடு கடைக்குப் போவதாகச் சொல்கிறாள். நீங்களும் அவ்வாறே சேர்த்து, பார்த்து வாங்குங்கள். ஆனால், நல்ல காமிரா வரட்டும் என்று காத்திராதீர்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால், கையில் இருக்கும் கருவியை எடுத்துக்கொண்டு, நாளைக் காலையில் அவர்களை ஜன்னலருகே உட்காரச் சொல்லுங்கள்.